எர்த் குழிக்கு ஒரு குடம்

நீங்க கரண்டு ஆபீசுக்கு எதுக்குத் தம்பி வந்திருக்கிய? திரீ பேஸ் மாத்தவா? ஏசி வாங்கிட்டியளோ. சரி, சரி. உக்காருங்க. அந்த ஓரத்துல உக்காராதிய, பெஞ்சு கால் ஆடும். இங்கன வாங்க. பேரு வரிசையாத்தான் கூப்பிடுதாவ. எனக்கு முன்னாலயே மூணு பேர் இருக்காவ, உங்களுக்கு எப்படியும் முக்கால் மணி நேரம் ஆவும்.

நான் ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதிய. பழைய வீடுதான? மாத்தாதிய. காத்து வேணும்னா சன்னலத் திறந்து வச்சுக்கிடுங்க. குற்றாலத்துக் காத்து சும்மாதான வருது. எதுக்குச் சொல்லுதேன்னா, நான் மாத்தினவன். பங்குனியில ஆரம்பிச்சு வைகாசியில முடிஞ்சுது. மாத்தின பொறவு ஒரு வீட்டுல ஒரு மனுசனுக்கு என்ன மரியாதை மிஞ்சும்னு உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாவ. அந்தா உள்ள உக்காந்திருக்காவளே, அவியளும் சொல்ல மாட்டாவ. அப்ளிகேசன் பாரத்துல அதுக்குக் கட்டம் கெடையாது.

எம் பேரு குற்றாலிங்கம். இந்தத் தென்காசியிலதான் வீடு. பள்ளிக்கூடத்துல முப்பத்தி மூணு வருசம் வேல. தெருவுல சார்வாள்னுதான் கூப்பிடுவாவ. வாத்தியார் இல்ல, பிசிக்ஸ் லேப் அசிஸ்டெண்ட். ஆனா யோசிச்சுப் பாருங்க. பாடம் நடத்துதவரு வருவாரு, கரும்பலகையில நாலு கோடு போடுவாரு, போயிருவாரு. வோல்ட்மீட்டரத் தொடச்சு வைக்கது யாரு? வயரு முனையச் சீவி மாட்டுதது யாரு? பேட்டரிக்குத் தண்ணி ஊத்துதது யாரு? அதனால கரண்டப் பத்தி எனக்கு ஒருத்தர் வந்து சொல்ல வேண்டியது இல்ல. நான் இத எங்கயும் சொல்லிக்கிடுததும் இல்ல.

எங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் வலது கை பக்கம் ஒரு தேக்குப் பலகை இருந்துச்சு. இருந்துச்சுன்னு சொல்லும்போதே எனக்கு ஒரு மாதிரி ஆவுது பாத்துக்கிடுங்க. அதுல ரெண்டு பீங்கான் பியூஸு, கைப்பிடி வச்ச இரும்பு மெயின் சுவிட்சு ஒண்ணு. அறுபத்தி ரெண்டுல போட்டது. அந்த சுவிட்ச எறக்கினா டப்புன்னு ஒரு சத்தம் வரும், தெருக்கோடியில நிக்கவனுக்குக் கேக்கும். அதுக்கு நேர் கீழ என் நாற்காலி. ரிட்டையர் ஆன அன்னைக்குச் சாயங்காலம் கொண்டு போட்டேன். அதுக்கு முன்னாலயும் அங்கனதான் உக்காருவேன். ஆனா ஸ்டூல்ல.

சிங்கிள் பேஸ் வீடு. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டாத் தாங்காது. அதுக்கு ஒரு ஒழுங்கு வேணும்லா? நான் கொண்டு வந்தேன். லேப்புல கழிச்சுப் போட்ட அட்டை ஒண்ணுல டைம் டேபிள் எழுதி பலகைக்குப் பக்கத்துல மாட்டிட்டேன். மோட்டர் காலையில ஆறுல இருந்து ஆறே கால் வரைக்கும். கிரைண்டர் செவ்வாயும் சனியும், பத்துல இருந்து பதினொண்ணு. இஸ்திரிப் பெட்டி ஞாயித்துக்கெழமை. மிக்ஸிக்கு நேரம் போட முடியாது, அது அப்பப்ப வரும். அதனால மிக்ஸிக்கு மட்டும் கேட்டுக்கிடணும். என் வீட்டுக்காரி உலகம்மாள் அடுக்களையில இருந்து, "ஏங்க, மிக்ஸி போடட்டா?"ன்னு கேப்பா. நான் மோட்டர் ஓடுதா, பிரிட்ஜு உறுமுதான்னு காதக் குடுத்துப் பாத்துட்டு, "போடு"ம்பேன். இல்லன்னா, "பொறு"ம்பேன். ஒரு நாளைக்கு எட்டுத் தடவ, பத்துத் தடவ. முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல. ஒரு நாள் கூட அவ கேக்காமப் போட்டது இல்ல. அப்படி ஒரு ஒத்துமை எங்களுக்குள்ள.

மருமகன் ஒருக்க வந்திருந்தாரு. மக செண்பகத்த ராஜபாளையத்துல குடுத்திருக்கோம். அவரு பாட்டுக்குக் கேக்காம வென்னி ஹீட்டரப் போட்டுட்டாரு. மோட்டர் ஓடிக்கிட்டு இருக்கு. பியூஸ் போச்சு. நான் ஒரு வார்த்த சொல்லலயே. கம்பியக் கட்டாம, மத்தியானம் வரைக்கும் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். அவரா வந்து, "மாமா, தப்புதான்"ன்னாரு. அதுக்கு அப்புறம் கட்டினேன். அதுல இருந்து அவரு எங்க வீட்டுக்கு வந்தா குளிக்கது பச்சத் தண்ணியிலதான். உடம்புக்கு நல்லது.

அந்தத் தடவ நான் பியூஸுக்குக் கொஞ்சம் தடிச்ச கம்பியா எடுத்துப் போட்டேன். அதுக்குப் பொறவு பதினோரு வருசம் பியூஸ் போகவே இல்ல. பதினோரு வருசம்! எந்த வீட்டுலயாவது உண்டான்னு கேட்டுப் பாருங்க. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டாக் கூட அது போயிருக்காது. ஆனா கேக்கத நிறுத்துங்கன்னு நான் சொல்லல. பழக்கம் விட்டுப் போயிரக் கூடாதுல்லா?

அந்தா ஒருத்தரக் கூப்பிட்டுட்டாவ. இன்னும் ரெண்டு பேர்.

இப்ப முக்கியமானதுக்கு வாரேன். தொண்ணூத்தி ஒண்ணு, ஐப்பசி மாசம், நல்ல மழை. அடுக்களை, பாத்ரூம், பின்பக்கம் பூரா கரண்டு இல்ல. முன்பக்கம் இருக்கு. டெஸ்டர் வச்சுப் பாக்கேன், லைன் வருது. அப்ப என்ன அர்த்தம்? கரண்டு வாரதுக்கு ஒரு கம்பி, திரும்பிப் போவதுக்கு ஒரு கம்பி. போவ வேண்டிய நியூட்ரல் கம்பி சுவத்துக்குள்ள எங்கயோ அத்துப் போச்சு. சுவத்த உடைக்கணும்னான் ஒரு வயர்மேன். நான் உடைக்க விடல. பக்கத்துலயே எர்த் கம்பி சும்மாதான கெடக்கு? உங்க வீட்டுலயும் இருக்கும். கொல்லையில குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, பைப்ப எறக்கி, அதுல இருந்து ஒரு கம்பி வீட்டுக்குள்ள வரும். ஆபத்துக்குன்னு போட்டது. ஆபத்து எப்ப வர, அது எப்ப வேல செய்ய? வேலையே பாக்காம வருசக்கணக்காக் கெடக்கு. நான் அதப் புடிச்சு நியூட்ரல் எடத்துல மாட்டினேன். பளிச்சின்னு எரிஞ்சுது லைட்டு. கால் மணி நேரம் ஆகல. சுவத்துல ஒரு கீறல் இல்ல. அன்னைக்கு அவ கேசரி கிண்டிக் குடுத்தா எனக்கு.

ஒரே ஒரு விசயம், அந்தக் குழி காயாம பாத்துக்கிடணும். காஞ்சுட்டா லைட்டு மங்கும். அதனால தினமும் காலையில ஒரு குடம் தண்ணி குழிக்கு ஊத்தணும்னு அவகிட்ட சொல்லி வச்சேன். ஊத்தினா. முப்பத்தி ரெண்டு வருசம் ஊத்தினா. எதுக்குன்னு ஒருக்கக் கூடக் கேக்கல. கேட்டிருந்தா வெளக்கிச் சொல்லியிருப்பேன், எனக்கு என்ன?

அவ சொன்ன கொற ஒண்ணே ஒண்ணுதான். குழாய் கடிக்குதும்பா. குழாயத் தொட்டா சுர்ருங்குது, கிரைண்டரத் தொட்டா சுர்ருங்குதும்பா. கோடையிலதான் கூடுதலாச் சொல்லுவா. நான் டெஸ்டர் வச்சுப் பாப்பேன். லேசா எரியிற மாதிரி இருக்கும். டெஸ்டர் பழசு. நான் தொட்டுப் பாப்பேன், எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் எப்பவும் செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் கொல்லப்பக்கமே போவேன், அதனாலயும் இருக்கலாம். உன் உடம்பு வாகு அப்படின்னு சொன்னேன். சில பேருக்குக் கத்திரிக்கா ஆகாது, சில பேருக்குக் கரண்டு ஆகாது. ரப்பர் செருப்பு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். நான் வாங்கிக் குடுத்தது, மறக்காம இதையும் கணக்குல எடுத்துக்கிடுங்க. அடுக்களையில செருப்புப் போட்டுக்கிட்டு நிக்கது அவளுக்குப் பிடிக்கல. சாமி படம் இருக்க எடத்துல செருப்பான்னு கேப்பா. ஆனாப் போட்டுக்கிட்டா.

இன்னொண்ணு. இருட்டுக்குள்ள பாத்திரம் வெளக்குவா. சாயங்காலம் அடுக்களையில லைட்ட அணைச்சுட்டு, கூடத்து வெளிச்சத்துல தடவித் தடவிக் கழுவுவா. என்ன சிக்கனம் பாருன்னு நான் பெருமையா நாலு பேர்ட்டச் சொல்லியிருக்கேன்.

இந்த வருசம் பங்குனியில எங்க தெருவுக்கு எட்டு நாளாத் தண்ணி வரல. குடிக்கதே குடம் குடமாச் சொமந்துதான். இதுல குழிக்கு எங்க போவ? விட்டாச்சு. அன்னைக்குச் சனிக்கெழமை. பத்தே கால் மணி. கிரைண்டர் ஓடுத நேரம், டைம் டேபிள்படி சரியான நேரம், அதுல ஒரு தப்பும் சொல்ல முடியாது. அவ ஈரக் கையோட மாவத் தள்ளிவிடப் போயிருக்கா. செருப்பு அறுந்து போயி ரெண்டு நாளா வெறுங்காலு. எனக்குத் தொம்முன்னு ஒரு சத்தம் கேட்டுது. ஏதோ பாத்திரம் உருண்டிருக்குன்னு நெனச்சேன். "என்னத்தப் போட்ட?"ன்னு கேட்டேன். பேப்பர்ல ஒரு பத்தி பாக்கி இருந்துச்சு. படிச்சு முடிச்சுட்டுப் போனேன்.

சொவரோரமாக் கெடந்தா தம்பி. கண்ணு தொறந்துதான் இருக்கு. கை இந்தப் பக்கமா மடங்கிக் கெடக்கு. கிரைண்டர் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. ஓடிப் போயி மெயின எறக்கினேன். அன்னைக்கு அந்த டப்புங்க சத்தம் எனக்கே பிடிக்கல. அவ என்னப் பாத்து, "மாவு பொங்கி வழிஞ்சிரும், அத மொதல்ல எடுங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

கை எலும்பு முறிஞ்சிருந்துச்சு. கட்டுப் போட்டாவ. சாயங்காலமே செண்பகம் வந்துட்டா. வந்தவ நேரா அம்மா சேலை நாலஞ்ச எடுத்துப் பையில வச்சா. நான், "ராஜபாளையத்துலயும் கரண்டுதான இருக்கு?"ன்னு கேட்டேன். ஞாயமான கேள்விதான? வாசல் தாண்டும்போது உலகம்மாள் நின்னா. அந்தப் பலகையப் பாத்தா. என்னப் பாத்துச் சொன்னான்னு நீங்க நெனைக்காதிய, பலகையப் பாத்துத்தான் சொன்னா. "இது இங்க இருக்க வரைக்கும் நான் இந்த வாசல மிதிக்க மாட்டேன்." அவ சத்தம் போட்டுச் சொல்லல. கேட்டுக்கிட்டே பழகினவ, அன்னைக்குக் கேக்காமச் சொன்னா.

சரி, நாலு நாள்ல வந்துருவான்னு இருந்தேன். வரல. அவ இல்லாத வீட்டுல கரண்டு பூரா எனக்குத்தான். எதை வேணாலும் போடலாம், எப்ப வேணாலும் போடலாம். நான் அந்த நாற்காலியில உக்காந்திருப்பேன். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. காலையில ஆறு மணிக்கு மோட்டரப் போட்டுட்டு ஆறே காலுக்கு நிறுத்துவேன், தொட்டி அதுக்கு முன்னாலயே நெறஞ்சு வழியும். ஒருக்க பொரிகடலச் சட்னி அரைக்கலாம்னு அடுக்களைக்குப் போனேன். மிக்ஸியில கைய வச்சுட்டு, என்னையறியாம, "போடட்டா?"ன்னு கேட்டுட்டேன். கேட்டுட்டு நிக்கேன். கூடத்துல நாற்காலி காலியாக் கெடக்கு. பொய் சொல்லக் கூடாது தம்பி, எனக்கு அழுகை வந்துட்டு. சட்னி வேண்டாம்னு வந்துட்டேன்.

மூணு வாரம் பாத்தேன். போன்ல கூப்பிட்டா செண்பகந்தான் எடுப்பா. "அம்மா கேக்கா, பலகைய மாத்தியாச்சான்னு." அத விட்டா வேற பேச்சு இல்ல. அவ வர மாட்டான்னு அப்பந்தான் எனக்குப் புரிஞ்சுது. மாத்திருவோம்னு முடிவு பண்ணினேன். நானாத்தான் முடிவு பண்ணினேன்.

பீர்முகமதுன்னு ஒரு ஆளு. கடையநல்லூர்க்காரர், ஷார்ஜாவுல பதினாறு வருசம் இந்த வேலதான் பாத்தவரு. லைசென்ஸ் உண்டு. அதிகம் பேச மாட்டாரு, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. வந்தவரு முதல்ல பியூஸப் பிடுங்கிப் பாத்தாரு. தடிச்சக் கம்பியப் பாத்துட்டு, "சார்வாள், இது எத்தன வருசமா இருக்கு?"ன்னாரு. "பதினோரு வருசம், ஒரு தடவ கூடப் போகல"ன்னேன். "போகாது. வீடு போனாலும் இது போகாது"ன்னாரு. நான் அதப் பாராட்டுன்னுதான் எடுத்துக்கிட்டேன்.

அப்புறம் பின்பக்கம் போனாரு. அடுக்களை சுவிட்சுப் பெட்டியக் கழத்தினாரு. நான் பக்கத்துலயே நிக்கேன். என் வேல அதுக்குள்ளதான இருக்கு, ஒரு தொழில் தெரிஞ்ச ஆளு பாக்கும்போது பக்கத்துல இருக்கணும்லா? அவரு ரொம்ப நேரம் பாத்தாரு. குனிஞ்சு பாத்தாரு. செல்போன் வெளிச்சம் அடிச்சுப் பாத்தாரு. அப்புறம் என்னப் பாத்துத் திரும்பி, "எர்த்த எடுத்து நியூட்ரல்ல போட்டிருக்கு. இது யாரு பாத்த வேல சார்வாள்?"ன்னு கேட்டாரு.

நான் தொண்டையச் செருமிக்கிட்டு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவரே, "இதப் பண்ணினவனப் புடிச்சு உள்ள வைக்கணும்"ன்னுட்டாரு.

"பழைய ஆளு ஒருத்தன்"னு சொன்னேன்.

"எங்க இருக்கான் இப்ப?"

"செத்துப் போயிட்டான்"னேன்.

நான் பேரச் சொல்லல பாத்துக்கிடுங்க. எனக்குத் தற்பெருமை பிடிக்காது.

அவரு கொல்லையில போயி குழியப் பாத்தாரு. குழாயப் பாத்தாரு. அப்புறம் சின்னப் பையனுக்குச் சொல்லுத மாதிரி எனக்குச் சொன்னாரு: "அடுக்களையில லைட்டு எரியும்போது, கிரைண்டர் ஓடும்போது அந்தக் கரண்டு திரும்பிப் போவ வழி வேணும். இங்க எர்த்து வழியா குழிக்குப் போவுது. மோட்டருக்கும் கிரைண்டருக்கும் அதே எர்த்துக் கம்பிதான். குழி ஈரமா இருந்தா மண்ணுக்குள்ள போயிரும். காஞ்சுட்டா போவ வழி இல்லாம கிரைண்டர்ல நிக்கும், மோட்டர் வழியா குழாய்ல நிக்கும். யாரு தொடுதாவளோ அவிய வழியாப் போவும். அம்மா இத்தன வருசம் உயிரோட இருக்கது அல்லா கிருபை சார்வாள்." நான், "குழிக்குத் தினமும் தண்ணி ஊத்தினோம்"னேன். "அதனாலதான் இருக்காவ"ன்னாரு. அப்ப யாரு ஊத்தச் சொன்னது? நாந்தான? அத அவரு கேக்கல, நானும் சொல்லல.

அப்புறம் பதினெட்டு நாள் வேல. கம்பத்துல இருந்து புது சர்வீஸ் வயரு. திரீ பேஸுக்குப் புது மீட்டர். பின்பக்கம் பூரா புதுக் கம்பி, சொவர உடச்சுத்தான். தேக்குப் பலகையக் கழத்தி வெளிய வச்சாரு. அந்த எடத்துல வெள்ளப் பெட்டி ஒண்ணு, சின்னச் சின்ன சுவிட்சா வரிசையா. ஒண்ணுக்கும் சத்தமே இல்ல, டிக்குங்குது. கொஞ்சம் கரண்டு தப்பான வழியில போனாலே அதுவா அணஞ்சுருமாம். யாரும் எறக்க வேண்டாமாம். யாரும் பக்கத்துல உக்காந்திருக்க வேண்டாமாம். என் நாற்காலி மேல சிமெண்டுத் தூசி. டைம் டேபிள் அட்டைய எங்க வச்சாவன்னு தெரியல. தேடினேன், இப்பமும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்.

வைகாசியில வந்தா. கையில கட்டு அவுத்தாச்சு. செண்பகம் கூட்டிட்டு வந்தா. அன்னைக்கு பீர்முகமதும் கடைசியா ஒருக்கச் சரி பாக்க வந்திருந்தாரு. உலகம்மாள் வாசல்ல நின்னு அந்த வெள்ளப் பெட்டியப் பாத்தா, அப்புறந்தான் வலது கால எடுத்து வச்சா. பீர்முகமது நல்ல மனுசன், அவளுக்கும் எல்லாத்தையும் வெளக்கிச் சொன்னாரு. லைட்டு எரியும்போது குழாய்ல வந்து நிக்கும்னு சொல்லவும், அவ, "அது எனக்குத் தெரியும். அதான் லைட்ட அணச்சுட்டுக் கழுவுவேன்"னா. பீர்முகமது அவளையே பாத்தாரு. "நீங்களாக் கண்டுபிடிச்சியளாம்மா? எத்தன வருசத்துக்கு முன்னால?" அவ யோசிச்சு, "செண்பகம் மூணாங் கிளாஸ் படிக்கும்போது"ன்னா. பாத்தியளா தம்பி, என் கூடவே இருந்து இருந்து அவளுக்கும் கொஞ்சம் வந்திருக்கு.

அதோட விட்டிருக்கலாம் அந்த மனுசன். "இதப் பண்ணின ஆளு செத்துப் போயிட்டானாம் அம்மா, சார்வாள் சொன்னாவ. இல்லன்னா நானே ஒரு கை பாத்திருப்பேன்"ன்னாரு.

உலகம்மாள் திரும்பி என்னப் பாத்தா. நான் வெள்ளப் பெட்டியப் பாத்தேன். "அப்படியா?"ன்னா. "எப்பச் செத்தான்? எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே."

செண்பகம் முந்தானைய வச்சு வாயப் பொத்திக்கிட்டு உள்ள போயிட்டா.

அப்புறம் உலகம்மாள் அடுக்களைக்குப் போனா. வாசல்ல செருப்பக் கழத்திப் போட்டா. செண்பகம் வாங்கிக் குடுத்த புதுச் செருப்பு. வெறுங்காலோட உள்ள போயி லைட்டப் போட்டா. குழாயில கைய வச்சா. தொறக்கல. சும்மா வச்சுக்கிட்டு நின்னா. நான் கூடத்துல இருந்து பாத்தேன். ரொம்ப நேரம் நின்னா தம்பி. பிள்ளைக்குக் காச்சல் இருக்கான்னு நெத்தியில கை வச்சுப் பாப்பாவள்லா, அப்படி வச்சுக்கிட்டு நின்னா. அவ தோளு குலுங்கின மாதிரி இருந்துச்சு. எனக்கு உள்ள போவத் தோணுச்சு. போயி என்ன சொல்ல? அதனால போகல.

நாற்காலியத் தொடச்சுப் போட்டு உக்காந்தேன். இப்பக் கேப்பான்னு இருந்தேன். மிக்ஸி ஓடுச்சு. கேக்கல. அது ஓடும்போதே கிரைண்டர் ஓடுச்சு. செவ்வாயும் இல்ல, சனியும் இல்ல, அன்னைக்கு வியாழக்கெழமை. மோட்டரும் ஓடுச்சு. மூணும் சேந்து ஓடுத சத்தத்த நான் அந்த வீட்டுல கேட்டதே இல்ல. அந்த வெள்ளப் பெட்டியவே பாத்துக்கிட்டு இருந்தேன், ஒண்ணாவது டிக்குங்குமான்னு. ஒண்ணும் ஆகல. சவம், நல்லாத்தான் பண்ணிட்டுப் போயிருக்காரு.

மறுநாள் காலையில குடத்த எடுத்து என் முன்னால வச்சா. "இனிமே நீங்க ஊத்துங்க"ன்னா. பீர்முகமது புதுக் குழியே போட்டுட்டாரு, எப்பவாவது ஊத்தினாப் போதும்னு சொல்லியிருக்காரு. நான் தினமும் ஊத்துதேன். ஒரு நாள் விட்டது இல்ல. இன்னைக்கும் ஊத்திட்டுத்தான் வாரேன். முதல் வாரம் இடுப்புப் பிடிச்சுக்கிட்டுது. ஒரு குடத்துல இவ்வளவு கனம் உண்டுன்னு எனக்குத் தெரியாது.

இன்னும் ஒரு ஆள்தான் பாக்கி. அடுத்தது நாந்தான்.

இப்ப நான் எதுக்கு வந்திருக்கேன்னு கேக்கியளா? பேர் மாத்தம். கரண்டு சர்வீஸ உலகம்மாள் பேருக்கு மாத்தணும். நானாத்தான் சொன்னேன். அதாவது, அவ சொன்னா, நான் சரின்னேன். சரின்னு நானாத்தான் சொன்னேன். வீடு அவ அப்பா கட்டினது, அவ பேருலதான் இருக்கு. அது ஒரு பெரிய விசயமா? நான் கல்யாணம் ஆகி அங்கதான் வந்தேன். மாமா எண்பத்தி எட்டுல தவறினாரு. பத்திரத்த அவ பேருக்கு எழுதிட்டுப் போயிட்டாரு. நான் கோவிச்சுக்கிடல. இதே ஆபீசுக்கு வந்து சர்வீஸ மட்டும் எம் பேருக்கு மாத்திக்கிட்டேன். வீடு யாரு பேருல இருந்தா என்ன, கரண்டு யாரு பேருல இருக்குன்னுதான பாக்கணும்? அது ஆச்சு முப்பத்தாறு வருசம். சர்வீஸ் நம்பர் எனக்கு என் பிறந்த தேதிய விட நல்லாத் தெரியும். ஆன்லைன்ல செண்பகம் போட்டுட்டா, ஒரிஜினல் பத்திரமும் என் சம்மதக் கடிதமும் கொண்டு வாங்கன்னாவ. இந்தா, பையிலதான் இருக்கு. அவளையும் கூப்பிட்டேன். மாவு ஆட்டணும், நீங்களே போயிட்டு வாங்கன்னுட்டா.

நேத்துக் காலையில குளிக்கப் போனேன். ஹீட்டர் சுவிட்சுல கை வச்சுட்டு, "ஏ உலகு, வென்னி போடட்டா?"ன்னேன். "போடுங்க, அதுக்கு எதுக்குக் கேக்கிய?"ன்னா. சும்மாதான்னேன். இன்னைக்கும் கேட்டேன். மிக்ஸி ஓடிக்கிட்டு இருந்துச்சு, அவளுக்குக் கேக்கல போல. நான் துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு, அது நிக்கது வரைக்கும் பொறுத்து நின்னேன். அப்புறம் இன்னொருக்கக் கேட்டேன். "போடுங்க"ன்னா. ஒரு வார்த்ததான் தம்பி. ஆனா அதக் கேட்டுட்டுக் குளிச்சா நல்லா இருக்கு. அவ எப்படி இத்தன வருசம் கேட்டுக்கிட்டே இருந்தான்னு இப்பந்தான் யோசிக்கேன்.

அதனால சொல்லுதேன், மாத்துததுன்னா யோசிச்சு மாத்துங்க. மாத்த வேண்டாம்னு சொல்லல. உங்க வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்த கேளுங்க, குழாய் கடிக்குதான்னு. கடிக்குதுன்னு சொன்னா டெஸ்டரத் தேடாதிய.

இரிங்க, அந்த ஆளு வெளிய வாராரு. அடுத்தது என்னத்தான் கூப்பிடுவாவ. முப்பத்தாறு வருசமா இந்த ஆபீசுல குற்றாலிங்கம்னு கூப்பிட்டாத் திரும்பிப் பாக்க ஒரே ஆளு நாந்தான். இன்னைக்குத்தான் கடைசி. ஒருக்கக் காதாரக் கேட்டுட்டு எந்திரிச்சுப் போவோம்னு இருக்கேன், நீங்களும் கேளுங்க, அந்த அம்மா நல்ல சத்தமாக் கூப்பிடுவாவ...

என்னது? என்ன பேரு சொன்னாவ?

உலகம்மாளா?

ஆமா மேடம், இருக்கு, இருக்கு. இங்கனதான். நாந்தான் உலகம்மாள், இந்தா வந்துட்டேன்.